ஓட்டை அட்டையின் பேரன்

ஐயம்பேட்டை என்றதும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். அது வேறு ஐயம்பேட்டை. நான் சொல்வது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கும் பட்டுத்தறி ஊர். அங்கே தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வரும். என்ன சத்தம் என்று நினைக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் ஓடுகிற சத்தம்!

சிரிக்காதீர்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். நெசவாளர் குழிக்குள் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ஒரு பெட்டி. ஜக்கார்ட் என்பார்கள். பெட்டியின் பக்கத்தில், ஒன்றோடு ஒன்று கயிற்றால் கோத்த அட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அட்டை முழுக்க ஓட்டைகள். மிதியை அமுக்கினால் ஒரு நாலுமுகக் கட்டை திரும்பி, ஓர் அட்டையைக் கொண்டுபோய் ஊசி வரிசைமேல் 'டக்'கென்று மோதுகிறது. ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், அதோடு சேர்ந்த கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்வாங்கும், இழை சும்மா கிடக்கும். அந்தச் சந்தில் நாடா ஓடுகிறது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. கரையில் மயிலுக்கு ஒரு தோகை முளைக்கிறது.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒன்று, பூஜ்யம். 240 கொக்கி வைத்த ஜக்கார்டில் ஓர் அட்டை என்பது 240 பிட், அதாவது 30 பைட். தினமும் காலையில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிற ரோஜாப்பூ 'குட்மார்னிங்' 100 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், அதற்கு சுமார் 3,400 அட்டை வேண்டும். அதை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் யாரும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். அந்தக் காலமே நிம்மதியான காலம்தான்!

இந்த அட்டைக்கு ஒரு பேரன் இருந்தான். 8 இஞ்ச் ஃப்ளாப்பி டிஸ்க். 'சேவ்' பட்டனில் ஒரு குட்டிச் சதுரம் இருக்கிறதே, அது இவனுடைய கடைசித் தம்பி. மூத்தவன் எந்தச் சட்டைப் பையிலும் நுழையாத ஆகிருதி. அவனைப் படிக்கிற டிரைவ் ஒன்றே ஐந்தாறு கிலோ இருக்கும். இதைத் தேடிப் பிடித்து, ஒரு பழைய பி.சி.யில் இணைத்து, "படிக்குது பார்!" என்று துள்ளிக் குதிக்கிற ஆசாமிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த இணைப்பு வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் குடும்பத்தை விசாரிக்க வேண்டாமா? விசாரித்தால் முதலில் அகப்படுவது ஒரு வாத்து.

1739-ஆம் வருடம், பாரிஸ். ழாக் து வோகான்சன் என்கிற மேதை ஒரு இயந்திர வாத்து செய்தார். அது சிறகடிக்கும். கையில் தானியம் வைத்தால் கொத்தித் தின்னும். கொஞ்ச நேரம் கழித்து... எப்படிச் சொல்வது... தின்ற வாத்து செய்வதைச் செய்யும். பாரிஸ் நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், ஒரு செம்பு வாத்து பின்னால் போடுவதை மெய்சிலிர்த்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். விஞ்ஞானம்!

பின்னால் உண்மை வெளிவந்தது. முன்னால் தின்ற தானியம் முன்னாலேயே தங்கிவிடும். பின்னால் வருவது ஏற்கெனவே கலந்து, தனி அறையில் அடைத்து வைத்த சரக்கு. இன்றைக்கும் முதலீட்டாளர்கள் முன்னால் நடக்கிற பல சாஃப்ட்வேர் டெமோக்கள் இதே டெக்னாலஜியில்தான் ஓடுகின்றன.

வாத்தைப் பார்த்து அசந்துபோன அரசாங்கம் என்ன செய்தது? 1741-ல் வோகான்சனைப் பட்டுத் தொழிலுக்கு இன்ஸ்பெக்டராகப் போட்டது. லியோன் நகரத்து நெசவாளர்களுக்கு அவர் புது விதிமுறைகள் கொண்டுபோனார். அவர்கள் கல் கொண்டுவந்தார்கள். பாதிரியார் வேஷத்தில் தப்பி ஓடினார் என்று சொல்வார்கள். கோபம் தாங்காமல், "உங்கள் வேலைக்கு ஒரு கழுதை போதும்" என்று நிரூபிக்க, கழுதை சுற்றி ஓட்டுகிற தறி ஒன்றைக் கட்டினாராம். 1745-ல் தானே இயங்கும் தறியையும் செய்தார். யாரும் வாங்கவில்லை. மெஷின் நேராக மியூசியத்துக்குப் போய்த் தூசி படிந்தது.

அந்தத் தறியில் ஓட்டை போட்டு நெய்கிற ஐடியாவாவது வோகான்சனுடையதா? அதுவும் இல்லை. 1725-லேயே பசில் பூஷோன் என்கிற லியோன்காரர் நீளக் காகிதத்தில் ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டார். காகிதம் கிழிந்தால் மொத்தமும் போச்சு. 1728-ல் அவருடைய சகா ஃபால்கோன், காகிதத்தை அட்டை அட்டையாக வெட்டிக் கயிற்றில் கோத்தார். ஐயம்பேட்டையில் இன்று தொங்குவது அந்தக் கோப்புதான்.

இப்போது நம் கதாநாயகர் வருகிறார். ஜோசஃப் மரி ஜக்கார்ட், 1752-ல் லியோனில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். மியூசியத்தில் தூசி தட்டி எடுத்த வோகான்சன் தறியையும், ஃபால்கோனின் அட்டையையும், பூஷோனின் யோசனையையும் சேர்த்து 1804 வாக்கில் ஒரு மெஷினாக்கினார். அதிலும் இருந்த கோளாறை நீக்கி ஒழுங்காக ஓடவைக்கப் பின்னால் பிரெத்தோன் என்று இன்னொருவர் வரவேண்டியிருந்தது. மொத்தம் ஐந்து பேர் வேலை. பெயர் ஒருவருக்கு. ஐயம்பேட்டையில் யாராவது "நம்ம பூஷோன்ல கொக்கி மாட்டிக்கிச்சுண்ணே" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

1805-ல் நெப்போலியனே லியோனுக்கு வந்து பார்த்தார். உரிமையை வாங்கி ஊருக்குக் கொடுத்துவிட்டு, ஜக்கார்டுக்கு வருடம் 3,000 ஃப்ராங்க் பென்ஷன், ஆறு வருடத்துக்கு விற்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் 50 ஃப்ராங்க் என்று உத்தரவு போட்டார். ஐரோப்பாவைக் கலக்கிய சக்கரவர்த்தி ஓய்வு நேரத்தில் பில் கேட்ஸ் வேலை பார்த்திருக்கிறார்.

நெசவாளர்கள்? வழக்கம்போல கொதித்தார்கள். தறியைத் தெருவில் போட்டு எரித்தார்கள், மனுஷனையே ஆற்றில் தள்ளப் பார்த்தார்கள் என்று ஒரு கதை. கதையில் மசாலா ஜாஸ்தி என்று சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகமே இல்லாத விஷயம், 1840-ல் அதே ஊர் அவருக்குச் சிலை வைத்தது. திட்டித் தீர்த்துவிட்டுச் செத்தபின் சிலை வைப்பது நம் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா, பாவம்!

இதிலெல்லாம் வேலை போனது யாருக்கு என்று பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். அதுவரை தறியோடு ஒரு பையன் இருப்பான். நெசவாளர் குரல் கொடுக்க, அவன் கயிறு கயிறாக இழுத்து இழைகளைத் தூக்கவேண்டும். காஞ்சிபுரத்திலும் ஜக்கார்ட் பெட்டி வருவதற்கு முன்னால் 'அடை' என்கிற பழைய முறையில்தான் கரையில் டிசைன் போட்டார்கள். அங்கேயும் பக்கத்தில் ஒரு பையன் வேண்டும். சரித்திரத்தில் கம்ப்யூட்டர் பறித்த முதல் வேலை, பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய ஒரு சிறுவனுடையது. அந்த ஒரு முறையாவது கம்ப்யூட்டர் கட்சியில் நான் சேர்ந்துவிடுகிறேன்.

ஜக்கார்ட் இறந்து ஐந்து வருடம் கழித்து, 1839-ல், லியோன்காரர்கள் அவருடைய படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டை! ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஓட்டைக்கு மேல் இடம். கணக்குப் போட்டால் 30 லட்சம் பைட்டைத் தாண்டும். ஃப்ளாப்பி வம்சத்தின் மூலபுருஷர் முகத்தை இரண்டு 3½ இஞ்ச் ஃப்ளாப்பியில்கூட அடக்க முடியாது, மூன்றாவது வேண்டும்.

அந்தப் பட்டுப்படம் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வாங்கி மாட்டி வைத்திருந்தார். ஆம், 'கம்ப்யூட்டரின் தந்தை'. வீட்டுக்கு வந்த வெலிங்டன் பிரபு அதைப் பார்த்துவிட்டு அச்சடித்த சித்திரம் என்றே நினைத்தார். வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்தவர், நெப்போலியன் பென்ஷன் கொடுத்த ஆளின் பட்டுத் துணியிடம் தோற்றுப்போனார்.

பாபேஜ் இந்த அட்டையைப் பார்த்துத்தான் தன் கணக்கு மெஷினுக்கும் ஓட்டை அட்டை போடலாம் என்று திட்டம் போட்டார். அற்புதமான திட்டம். மெஷின்தான் வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு மெஷினைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த மெஷினுக்குப் படம் போட்டார். மிச்ச நேரத்தில் தெருவில் வாத்தியம் வாசிக்கிறவர்களோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையில் மட்டும் ஜெயம். 1864-ல் தெருப் பாட்டுக்காரர்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது. கம்ப்யூட்டரின் தந்தை உருப்படியாக முடித்த ப்ராஜெக்ட் அதுதான்.

அடுத்து அமெரிக்கா. 1890 ஜனத்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டையில் எண்ணிக் கொடுத்தார். முந்தைய கணக்குக்கு ஏழெட்டு வருடம் ஆனது. இது கிடுகிடுவென்று முடிந்தது. விடை சுமார் 6 கோடியே 29 லட்சம். பாராட்டுவார்கள் என்று பார்த்தால், "நாங்கள் இவ்வளவுதானா?" என்று பத்திரிகைகள் கோபித்துக்கொண்டன. எக்ஸிட் போல் பிடிக்காத கட்சிக்காரர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள். ஹாலரித்தின் கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து 1924-ல் ஐ.பி.எம். ஆனது. 1928-ல் அட்டைக்கு 80 காலம் (நெடுவரிசை) என்று நிலைத்தது. அடுத்த அரை நூற்றாண்டு உலகமே ஓட்டை போட்டது. இந்தியாவும்தான். இங்கே ஐ.பி.எம். பழைய மெஷின்களைத் துடைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. 1978-ல் அரசாங்கத்தோடு பங்குத் தகராறில் பெட்டியைக் கட்டியது.

பேரன் பிறந்தது 1971-ல். கலிபோர்னியாவில், ஐ.பி.எம். வீட்டில். ஆலன் ஷுகார்ட்டின் மேற்பார்வையில் டேவிட் நோபிள் என்ற இன்ஜினீயரிடம் வேலையைக் கொடுத்தார்கள். பெரிய மெஷின்களுக்கு உள்ளே ஏற்றவேண்டிய புரோகிராமை வாடிக்கையாளர்களுக்கு மலிவாகத் தபாலில் அனுப்ப ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான் ஆசை. 8 இஞ்ச், 80 கிலோபைட். வாடிக்கையாளர் படிக்கலாம், எழுத முடியாது. தபால்காரன் உத்தியோகம்.

ஆனால் பிள்ளைக்குத் தூசி ஆகவில்லை. வெறும் வட்டாகச் சுற்றவிட்டதும் அழுக்கு சேர்ந்து படிப்பு நின்றுபோனது. வைத்தியம் என்ன தெரியுமா? துணி! வட்டைச் சுற்றி ஓர் உறை போட்டு, உறைக்கு உள்பக்கம் துணி ஒட்டினார்கள். வட்டு சுற்றச் சுற்றத் துணி தூசியைத் துடைக்கும். தறியில் பிறந்த வம்சம், கடைசியில் துணிதான் காப்பாற்றியது என்று கண்ணில் நீர் வருகிறதல்லவா? துடைத்துக்கொள்ளுங்கள். அது நெய்யாத துணி. இழைகளைச் சும்மா அமுக்கி ஒட்டிய ரகம். ஐயம்பேட்டைக்கு இதைவிட அவமானம் கிடையாது.

1973-ல் ஐ.பி.எம். 3740 என்கிற மெஷின் வந்தது. இதில் ஃப்ளாப்பியில் எழுதவும் முடியும். 2,42,944 பைட். 80 காலம் அட்டை என்று பார்த்தால் 3,000 அட்டையின் கொள்ளளவு, ஒரே உறைக்குள். ஆபீஸ்களில் தாத்தாவின் நாற்காலியைப் பேரன் இழுத்துவிட்டுக்கொண்டான். குடும்ப வழக்கம்.

இந்த ஷுகார்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐ.பி.எம்.மை விட்டு வந்து 1973-ல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். 1974-ல் அவருடைய கம்பெனியிலிருந்தே வெளியே வந்தார். 1976-ல் அந்தக் கம்பெனி, கல்லாவை நிறைத்த 5¼ இஞ்ச் டிரைவைக் கொண்டுவந்தபோது மனிதர் அங்கே இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு பார் திறந்தார், சால்மன் பிடிக்க ஒரு படகு வாங்கினார். ஆனால் ஃப்ளாப்பி டிரைவ் இணைக்கும் முறைக்கு இன்றுவரை ஷுகார்ட் இன்டர்ஃபேஸ் என்றுதான் பெயர். பூஷோனுக்கு வராத அதிர்ஷ்டம், மீன் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு வந்தது.

5¼ ஏன் 5¼? ஒரு பாரில் உட்கார்ந்து பேசும்போது ஆன் வாங் என்கிற கம்ப்யூட்டர் முதலாளி மேஜையில் கிடந்த பேப்பர் நாப்கினைக் காட்டி "இந்த சைஸுக்கு" என்றாராம். அழகான கதை. பார் எந்தக் கதையையும் கெடுக்காது. பிற்பாடு ஷுகார்ட் 1979-ல் ஸீகேட் ஹார்ட் டிஸ்க் கம்பெனியைத் தொடங்கி மறுபடி பெரிய ஆளாகி, 1996-ல் எர்னஸ்ட் என்கிற தன் நாயை அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தலில் நிறுத்தப் பார்த்தார். நடக்கவில்லை. 1998-ல் ஸீகேட்டும் அவரை வெளியே அனுப்பியது. நாய் கடைசிவரை கூட இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஜப்பானிலிருந்து ஒரு குரல் கேட்கிறது: "ஃப்ளாப்பியைக் கண்டுபிடித்தது நான்!" யோஷிரோ நகாமட்சு. 1952-லேயே காப்புரிமை வாங்கிவிட்டேன் என்பார். அது ஃப்ளாப்பிதானா என்பதில் அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் சந்தேகம். தண்ணீருக்கடியில் மூச்சு முட்டும்போதுதான் தனக்குச் சிறந்த ஐடியாக்கள் வரும் என்று சொன்னவர். 34 வருடம் தான் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டையும் ஃபோட்டோ எடுத்ததற்காக 2005-ல் அவருக்கு இக் நோபல், அதாவது கிண்டல் நோபல், கொடுத்தார்கள். ஃப்ளாப்பி அவருடையதோ இல்லையோ, இன்ஸ்டாகிராம் சந்தேகமில்லாமல் அவருடையது.

சரி, குடும்பம் தெரிந்துவிட்டது. இப்போது இணைப்போம்.

பழைய பி.சி.யின் ஃப்ளாப்பி கேபிளை எடுத்து மடியில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தட்டையான ரிப்பன், பக்கத்தில் பக்கமாக 34 இழை. ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு. அதுதான் 1-ஆம் நம்பர் என்று அடையாளம். ஒற்றைப்படை இழையெல்லாம் சும்மா கிரவுண்ட். பேசுவது இரட்டைப்படை மட்டுமே. பாவு ஒழுங்காகத்தான் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், கடைசி கனெக்டருக்குக் கொஞ்சம் முன்னால் 10-லிருந்து 16 வரை ஏழு இழைகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஒரு முறுக்கு முறுக்கி, தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள். ஐயம்பேட்டையில் இப்படிப் பாவு பிணைத்தால் அன்றைக்கே கூலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் இது தவறு இல்லை, டிசைன். ஷுகார்ட் முறைப்படி ஒவ்வொரு டிரைவிலும் 'நீ எத்தனையாவது' என்று ஒரு குட்டி ஜம்பரை மாற்றி வைக்கவேண்டும். 1981-ல் பி.சி.யைக் கொண்டுவந்த ஐ.பி.எம்.முக்கு யாரும் ஜம்பரைச் சரியாக வைப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லை. அதனால் எல்லா டிரைவையும் 'நீ இரண்டாவது' என்றே வைத்து, கேபிளை முறுக்கி, முறுக்குக்குப் பின்னால் இருப்பது ஏ, முன்னால் இருப்பது பி என்று ஆக்கிவிட்டார்கள். மனிதனைத் திருத்துவதைவிடக் கம்பியைத் திருகுவது சுலபம். உங்கள் லேப்டாப்பில் இன்றைக்கும் 'சி' டிரைவ் இருந்து ஏ, பி இல்லாததற்குக் காரணம், அந்த இரண்டு நாற்காலியும் செத்துப்போன ஃப்ளாப்பிகளுக்கு ரிசர்வ் ஆகி இருப்பதுதான்.

ஒரு பெருமையும் உண்டு. ஐ.பி.எம்.மின் முதல் பி.சி.க்கு ஃப்ளாப்பி டிரைவ் செய்து கொடுத்தது டாண்டன் கம்பெனி. நிறுவியவர் இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன். 1978-ல் நாம் ஐ.பி.எம்.மை அனுப்பிவைத்தோம். மூன்றே வருடத்தில் நம்ம ஆள் அவர்கள் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

8 இஞ்சுக்கு வருவோம். அதற்கு 34 இழை பத்தாது. கனெக்டரில் 50 கால். பயந்துவிடாதீர்கள். ஆள் பெரிசே தவிர, பேச்சு ஒன்றுதான். 'நகரு', 'எந்தப் பக்கம்', 'எழுது', 'படி' என்று அதே கட்டளைகள் வேறு கால்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பிணைக்க ஒரு சின்ன அடாப்டர் போர்டு போதும்.

பி.சி.யிடம் உண்மையைச் சொல்லக்கூடாது. "வந்திருப்பது 5¼ இஞ்ச், 1.2 எம்.பி." என்று பயாஸில் பொய் எழுதவேண்டும். அந்த 1.2 எம்.பி. டிரைவ் 1984-ல் ஐ.பி.எம். ஏ.டி. என்கிற பி.சி.யோடு வந்தது. நிமிஷத்துக்கு 360 சுற்று, விநாடிக்கு 500 கிலோபிட். 8 இஞ்சுக்கும் இரட்டை அடர்த்தியில் அதே சுற்று, அதே வேகம்! அண்ணன் நடையைத் தம்பி அப்படியே காப்பியடித்து வைத்திருக்கிறான். அதனால் பி.சி.க்கு சந்தேகமே வராது. தம்பிக்கு 80 டிராக், அண்ணனுக்கு 77 என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் ஹெட் போய்ச் சுவரில் முட்டும். எழுதவும் போகிறீர்களா? 43-ஆவது டிராக்கைத் தாண்டியதும் வட்டம் சுருங்கி பிட்டுகள் நெருக்கியடிக்கும்; அப்போது கரண்டைக் குறைக்கச் சொல்லித் தனியாக ஒரு சிக்னல் வேண்டும். அப்படி ஒரு சிக்னல் இருப்பதே பி.சி.க்குத் தெரியாது. அந்த அடாப்டர் போர்டுதான் டிராக்கை எண்ணிக்கொண்டே இருந்து சொல்லவேண்டும்.

அப்புறம் பவர். பி.சி.யில் கிடைப்பது 5 வோல்ட், 12 வோல்ட். பெரியவர் கேட்பது 24. அதோடு, ஷுகார்ட் கம்பெனியின் எஸ்.ஏ.800 போன்ற டிரைவ்களில் மோட்டார் நேராகச் சுவர் பிளக்கில் ஓடுகிற ஏ.சி. மோட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த டிரைவாக இருந்தால் அது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஜாதகம். நம்ம ஊர் 230-ல் அப்படியே செருகினால் புகை மட்டும் நன்றாக வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; 360 சுற்ற வேண்டியது 300-தான் சுற்றும். அதற்கு வேறு புல்லி, வேறு பெல்ட். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கிளம்பிய நீங்கள் இப்போது லேத் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

எல்லாம் முடிந்தது. மோட்டார் ஹும்ம் என்கிறது. அந்தக்கால ஃப்ளாப்பியைச் செருகி, கதவைச் சாத்தி, எண்டர் தட்டுகிறீர்கள். ஹெட் 'கடக்' என்று இறங்குகிறது. திரையில்: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்? ஏனென்றால் ஐ.பி.எம். 3740 காலத்து ஃப்ளாப்பிகள் எழுதப்பட்டது பழைய ஒற்றை அடர்த்தி முறையில், பல பி.சி.க்களின் கன்ட்ரோலருக்கு அந்தப் பாஷை தெரியாது. இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டோம், மாப்பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. அதற்குத் தெரிந்த கன்ட்ரோலர் இருக்கிற பி.சி.யைத் தேடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

5¼ இஞ்ச் ஃப்ளாப்பிகளையும் சேர்த்துச் சோதிக்கிற ஆசை வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் ஆல்வி என்று இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' வைரஸை எழுதி ஃப்ளாப்பிகளில் பரவவிட்டார்கள். தங்கள் சாஃப்ட்வேரைத் திருடுகிறவர்களைப் பிடிக்கத்தானாம். வைரஸுக்குள் தங்கள் பெயர், கடை விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி வைத்தார்கள்! உலகம் முழுவதிலிருந்தும் ஃபோன் வந்தது. திருட்டு வேலையில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன நாகரிகம் அதற்குப் பிறகு வந்த எந்த ஹேக்கருக்கும் வாய்க்கவில்லை.

காலம் எப்படி ஓடியது என்பதைக் காஞ்சிபுரம் கணக்கில் சொல்கிறேன். 1979-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது 8 இஞ்ச் ஃப்ளாப்பி உலகத்தில் கொடிகட்டிப் பறந்தது. மறுபடி 2019 ஜூலையில் அவர் வெளியே வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க அணு ஆயுதப் படை, ஏவுகணைத் தகவல் பரிமாற்றத்துக்கு வைத்திருந்த 8 இஞ்ச் ஃப்ளாப்பியைக் கைவிட்டிருந்தது. நாற்பது வருடமும் உலகத்தின் தலையெழுத்து ஒரு நெய்யாத துணி உறைக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சோனி 2011-லேயே ஃப்ளாப்பி செய்வதை நிறுத்திவிட்டது. ரோபோ செய்கிற ஜப்பானின் அரசாங்கம், 'ஃப்ளாப்பியில்தான் கொடுக்கவேண்டும்' என்கிற விதிகளை ஆயிரத்துக்கு மேல் தேடி ஒழித்துவிட்டு, "ஜெயித்துவிட்டோம்" என்று அறிவித்தது 2024-ல்!

நடுவில் ஒரு கூத்து. 1983-ல் மிலான் கண்காட்சியில் போனாஸ் கம்பெனி மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டையே இல்லாமல் நெய்யலாம். பின்னால் வந்த இம்மாதிரி மெஷின்களில் டிசைனை ஏற்றியது எதன் வழியாக? ஃப்ளாப்பி! பட்டணம் போய்ப் பெரிய ஆளான பேரன், சொந்தத் தறிக்கே திரும்பிவந்து தாத்தாவின் வேலையைக் கேட்டான். வந்த வேகத்தில் வழக்கொழிந்தும் போனான். இப்போது அப்படிப்பட்ட பழைய மெஷின்களில் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே 34 கால் கனெக்டரில் ஒரு சின்ன டப்பாவை மாட்டுகிறார்கள். அதில் பென் டிரைவைச் செருகினால் மெஷின் அதை ஃப்ளாப்பி என்றே நம்பும். வாத்து டெக்னாலஜி வீண்போகவில்லை.

தாத்தா? கைத்தறியில் அட்டை இன்னும் தொங்குகிறது. டிசைனை இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். வரைந்து முடித்ததும் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற வேலை, அட்டைக்கு ஓட்டை போடுவது.

ஆகவே காஞ்சிபுரம், ஐயம்பேட்டைப் பக்கம் டிசைன் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்ணூறுகளில் போட்ட கரையும் புட்டாவும் பரணில் ஃப்ளாப்பியில் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். எடுத்தவுடன் டிரைவிலும் செருகாதீர்கள். உறையின் ஜன்னலை வெளிச்சத்தில் பிடித்து வட்டை மெல்லச் சுற்றிப் பாருங்கள். நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முதலில் அதைத் துடைக்கவேண்டும். இல்லையென்றால் அந்த வட்டும் போகும், ஹெட்டும் போகும், அடுத்துச் செருகுகிற வட்டும் போகும். படித்தவுடன் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். பத்திரமாக இருக்கவேண்டிய டிசைன் என்றால், அட்டையிலும் ஒரு செட் அடித்து வையுங்கள்.